நாவலை முடித்துவிட்டேன், இனி என்ன?

கேள்வி: நான் மருத்துவமனையில் செவிலியர். மூன்று வருஷமாக இரவுப் பணியின் இடைவேளைகளில் போனிலேயே தட்டித் தட்டி ஒரு நாவல் எழுதினேன். அப்பா விட்டுப்போன வீட்டுக்காகச் சண்டை போட்டுப் பிரிந்து, இருபது வருஷம் பேசாமல் இருந்த அக்கா, தங்கையின் கதை. 31 அத்தியாயங்கள், 78,000 சொற்கள். போன மாதம் ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்குக் கடைசி வரியை எழுதினேன். அழுகை வந்துவிட்டது. மறுநாளிலிருந்து அடுத்து என்ன செய்வதென்றே தெரியவில்லை. உடனே பதிப்பகங்களுக்கு அனுப்பு என்கிறாள் தோழி. யாராவது கதையைத் திருடிவிடுவார்கள் என்கிறார் கணவர். பணம் கட்டினால் ஒரே மாதத்தில் புத்தகமாக்கித் தருகிறோம் என்று ஒருவர் பேசினார். எனக்கோ அதைத் திறந்து படிக்கவே பயமாக இருக்கிறது. முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். நான் என்ன செய்யட்டும்? இடையில் இன்னொரு கதை தொடங்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. நாவல் அந்த ஒரு போனில் மட்டும்தான் இருக்கிறதா? இருந்தால், இதைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு நகல் எடுத்துவிடுங்கள். ஒன்று உங்கள் மின்னஞ்சலுக்கு, இன்னொன்று ஒரு கணினிக்கோ பென் டிரைவுக்கோ. ஃபைல் பெயரில் தேதியைச் சேர்த்துவிடுங்கள். மூன்று வருஷ இரவுகள் ஒரு போன் தண்ணீரில் விழுவதோடு போய்விடக் கூடாது.

அடுத்தது, அந்த அழுகை. அது வந்ததில் வியப்பு இல்லை. நாவல் தொடங்கியவர்கள் ஏராளம், முடித்தவர்கள் கொஞ்சம். இருபத்தைந்தாவது அத்தியாயத்தில் கதை கையைவிட்டுப் போவதுபோல இருந்திருக்கும், அப்போதும் நீங்கள் விடவில்லை. அந்தப் பிடிவாதத்தை யாரும் சொல்லித்தர முடியாது. மற்றதையெல்லாம் கற்றுக்கொள்ளலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உடனே பதிப்பகங்களுக்கு அனுப்பு என்கிறாள் உங்கள் தோழி. இப்போதைக்கு யாருக்கும் அனுப்ப வேண்டாம். உங்கள் முதல் அத்தியாயத்தை மூன்று முறை படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். நாவல் மோசம் என்பதால் அல்ல. முதல் வரைவு என்பது எழுதியவர் தனக்குத்தானே கதையைச் சொல்லிப் பார்த்துக்கொள்வது. வாசகருக்குச் சொல்வது இரண்டாவது வரைவிலிருந்துதான் தொடங்குகிறது. பதிப்பாசிரியராக எத்தனையோ கைப்பிரதிகளைப் பார்த்துவிட்டேன். திருப்பி அனுப்பியவற்றில் நெஞ்சை உறுத்துபவை, இன்னும் ஒரு வரைவு எழுதியிருந்தால் வாங்கியிருப்போம் என்று தோன்றியவைதான். அதே கைப்பிரதியை அதே இடத்துக்கு மறுபடி அனுப்பினால் புதிதாகப் பார்ப்பது அரிது. முதல் வாய்ப்பை அவசரத்தில் செலவழித்துவிடாதீர்கள்.

ஆறு வாரம் அதைத் திறக்காதீர்கள். படிக்கப் பயமாக இருக்கிறது என்றீர்களே, அதற்கும் இதுதான் மருந்து. முடித்த மறுநாள் படித்தால் கண் வரிகளைப் பார்க்காது, மனசில் இருப்பதைத்தான் பார்க்கும். விட்டுப்போன சொல்லைக்கூட மனசே நிரப்பிக்கொள்ளும். ஆறு வாரம் கழித்துத் திறக்கும்போது யாரோ எழுதியதுபோல இருக்கும். சில இடங்களில் கூசும், சில இடங்களில் இதை நானா எழுதினேன் என்று இருக்கும். இரண்டும் வேண்டும்.

அப்போது முழுவதையும் அச்செடுத்துத் தாளில் படியுங்கள். போனில் எழுதியதைப் போனிலேயே படித்தால் பழைய கண்தான் வேலை செய்யும். முதல் வாசிப்பில் பேனா எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மனம் விலகிப்போன இடத்தில் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டுவிட்டு மேலே போங்கள். அதற்குப் பிறகு ஒரு நோட்டில் அத்தியாயத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: இங்கே யாருக்கு என்ன வேண்டும், முடியும்போது என்ன மாறியிருக்கிறது. 31 வரிகள் வரும். எதுவும் மாறாத அத்தியாயங்கள் ஐந்தாறாவது இருக்கும். நீங்கள் ரசித்து ரசித்து எழுதிய அத்தியாயங்களாகவே அவை இருக்கும், அதுதான் கஷ்டம். அவற்றைப் பக்கத்து அத்தியாயத்தோடு சேர்க்க முடியுமா, இல்லை எடுத்தே விடலாமா என்று பாருங்கள். எடுப்பதை அழிக்க வேண்டாம், வேறு ஃபைலில் போட்டு வையுங்கள். எங்கும் போய்விடவில்லை என்று தெரிந்தால் வெட்டும் கை நடுங்காது.

உங்கள் முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். விடியற்காலை வர்ணனை ஒன்றரைப் பக்கம். வீடு கட்டப்பட்ட வரலாறு மூன்று பக்கம். தாத்தா, அவருடைய தம்பி, கிணறு வெட்டிய ஆண்டு. ஒன்பதாம் பக்கத்தில்தான் அக்கா வாசலில் வந்து நிற்கிறாள். அங்கே இப்படி எழுதியிருக்கிறீர்கள்:

“சாவி கைப்பையிலேயே இருந்தது. அவள் அழைப்பு மணியை அழுத்தினாள். இருபது ஆண்டுகளில் அந்த வீட்டில் தனக்கிருந்த உரிமை முழுவதும் போய்விட்டதை எண்ணி அவள் உள்ளம் வேதனையில் துடித்தது.”

முதல் இரண்டு வரிகளைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சொந்த வீட்டின் சாவியை இருபது வருஷம் பையில் வைத்திருக்கிறாள். வந்தவள் அதைத் தொடாமல் மணியை அழுத்துகிறாள். உங்கள் நாவல் முழுவதும் அந்த இரண்டு வரிகளுக்குள் இருக்கிறது. மூன்றாவது வரி வந்து, எனக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டதை என்னிடமே விளக்குகிறது. அந்த நொடியில் நான் அக்காவின் பக்கத்திலிருந்து விலகி, எழுதியவரின் குரலைக் கேட்கத் தொடங்கிவிட்டேன். அதை எடுத்துவிடுங்கள். இப்படி நல்ல இரண்டு வரிக்குப் பின்னால் நம்பிக்கையில்லாமல் வந்து நிற்கும் மூன்றாவது வரி நாவல் முழுக்க இருக்கும். ‘எண்ணினாள்’, ‘உணர்ந்தாள்’, ‘வேதனை’, ‘துடித்தது’ ஆகிய சொற்களைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் மறைந்திருக்கும். எல்லாவற்றையும் வெட்டச் சொல்லவில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, இது இல்லாவிட்டால் வாசகருக்குப் புரியாதா என்று கேளுங்கள். புரியாது என்றால் அது அப்படியே இருக்கட்டும்.

நாவலை அந்தச் சாவியிலிருந்தே தொடங்கிப் பாருங்களேன். தாத்தாவும் கிணறும் பிறகு வரட்டும், தங்கை கதவைத் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் கொஞ்சம் வரட்டும். தொடக்கப் பக்கங்கள் பெரும்பாலும் எழுத்தாளர் கதைக்குள் போவதற்காகப் போட்டுக்கொண்ட படிகள். உள்ளே போனபின் அவை தேவைப்படுவதில்லை. உங்களைப் போலவே வேலைக்கு இடையில் எழுதிய ஒருவரின் முதல் நாவலுக்கு இதுதான் நடந்தது. வில்லியம் கோல்டிங் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ கைப்பிரதியைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் அதை வெளியிட்ட ஃபேபர் பதிப்பகத்திலும் முதலில் படித்தவர் வேண்டாம் என்றே குறிப்பு எழுதினார். அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த சார்லஸ் மாண்டீத் அதை மறுபடி எடுத்துப் படித்தார். நாவல் அணுகுண்டுப் போரையும் சிறுவர்கள் வெளியேற்றப்படுவதையும் சொல்லித் தொடங்கியிருந்தது. அந்தப் பகுதியை எடுத்துவிடச் சொன்னார். கோல்டிங் எடுத்தார், திருத்தினார், தலைப்பும் மாறியது. 1954-இல் புத்தகம் வந்தபோது சிறுவர்கள் ஏற்கெனவே தீவில் இருந்தார்கள்.

எழுத்துப்பிழைகளை இப்போது தொடாதீர்கள். முதலில் கதை, பிறகு காட்சி, அதற்குப் பிறகு வாக்கியம், கடைசியாக ஒற்றும் புள்ளியும். இந்த வரிசையை மாற்றினால், நாலு நாள் உட்கார்ந்து ஒற்றுப் போட்ட அத்தியாயத்தையே அடுத்த வாரம் வெட்டவேண்டி வரும். அதுமட்டுமல்ல, பிழையில்லாமல் திருத்திய பக்கத்தை வெட்ட மனசு வராது.

ஆனாலும் அந்தக் கட்டம் வரும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். போனில் எழுதியதால் உங்கள் பிரதியில் ஒருவகைப் பிழை தனியாகத் தெரிகிறது. ‘சுவரில் ஈரக் கரை’ என்று இருக்கிறது. கறை என்றுதான் நினைத்திருப்பீர்கள், போன் கரையைத் தந்துவிட்டது. மனம் மணமாகியிருக்கிறது, அலை அழையாகியிருக்கிறது. இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தி மென்பொருள் கண்டுகொள்ளாது. வாய்விட்டுப் படித்தால் பாதி அகப்படும், மீதிக்கு மெய்ப்புப் பார்க்கத் தெரிந்த இன்னொருவரின் கண் வேண்டும்.

இன்னொன்று உரையாடல். அக்கா ஓர் இடத்தில் “ஏன் வந்திருக்கிறாய் என்று கேட்கமாட்டாயா?” என்கிறாள். அடுத்த பக்கத்தில் “கேக்கமாட்டியா?” என்கிறாள். எழுத்து வழக்கா பேச்சு வழக்கா, இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பேச்சு வழக்குதான் உங்கள் கைக்கு வருவதாகத் தெரிகிறது. அக்கா பேசும் வரிகளில் ஒரு கூர்மை இருக்கிறது, எழுத்து வழக்கில் அது மழுங்கிவிடுகிறது. ஒருவேளை ஒரு பாத்திரம் வேண்டுமென்றே எழுத்துத் தமிழில் பேசுகிறது என்றால் வாசகருக்கு அதன் காரணம் தெரியவேண்டும்.

இரண்டாவது வரைவு முடிந்ததும் மூன்று பேரிடம் கொடுங்கள். கணவரும் தோழியும் அதில் வேண்டாம். அவர்கள் உங்களைப் படிப்பார்கள், நாவலைப் படிக்கமாட்டார்கள். நாவல் படிக்கும் பழக்கமுள்ளவர்களாக, உங்கள் மனம் நோகுமே என்று கவலைப்படாதவர்களாக மூன்று பேர். அவர்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்ற பதில்தான் வரும். எந்தப் பக்கத்தில் கீழே வைத்துவிட்டு எழுந்தீர்கள்? மறுபடி எப்போது எடுத்தீர்கள்? எங்கே யார் பேசுகிறார்கள் என்று குழப்பம் வந்தது? வீட்டை விற்கத் தங்கை கையெழுத்துப் போட மறுக்கும்போது யார் பக்கம் இருந்தீர்கள்? இப்படிக் கேளுங்கள். ஒருவர் சொல்வதை யோசியுங்கள். மூன்று பேரும் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே ஏதோ பழுது இருக்கிறது. அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர்கள் சொல்லும் வழி சரியாக இருக்கவேண்டும் என்பதில்லை, வழி உங்களுடையது.

கணவரின் பயத்துக்கு வருகிறேன். உங்கள்மேல் இருக்கும் அக்கறையில் சொல்கிறார், அதை மதிக்கிறேன். ஆனால் பதிப்புரிமை என்பது எழுதிய கணத்திலேயே எழுதியவருக்கு வந்துவிடுகிறது. 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அதற்கு எந்தப் பதிவும் கட்டாயமில்லை. எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகும் குறைந்தது 50 ஆண்டுகள் அந்த உரிமை நிற்கும் என்கிறது அந்த உடன்படிக்கை, பல நாடுகள் அதற்கு மேலும் தருகின்றன. ஆனால் சட்டம் காப்பது நீங்கள் எழுதிய எழுத்தை, கருவை அல்ல. வீட்டுக்காகப் பிரிந்த சகோதரிகள் என்ற கருவை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அந்தச் சாவியையும் மணியையும் நீங்கள் எழுதிய விதத்தில் எழுத முடியாது. தேதியிட்ட வரைவுகளையும் அனுப்பிய மின்னஞ்சல்களையும் பத்திரமாக வைத்திருங்கள். அதற்கு மேல் இந்தப் பயத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம். புது எழுத்தாளர் உண்மையில் ஏமாறுவது வேறு இடத்தில்.

ஆம், பணம் கட்டினால் ஒரே மாதத்தில் என்றவரைத்தான் சொல்கிறேன். சொந்தச் செலவில் புத்தகம் போடுவது ஒன்றும் தவறான வழி இல்லை. என்ன செய்கிறோம் என்று தெரிந்து, அச்சுச் செலவு, வடிவமைப்பு, விற்பனை எல்லாவற்றையும் தானே ஏற்றுக்கொண்டு போடுபவர்கள் இருக்கிறார்கள். அது வேறு. பதிப்பாளர் என்றால் உங்கள் எழுத்தின்மேல் தன் பணத்தைப் போடுபவர். உங்கள் பணத்தை வாங்கி அச்சடித்துக் கொடுப்பவர் ஒரு சேவை செய்கிறார், அவரை அந்தப் பெயரில்தான் பார்க்கவேண்டும். அவரிடம் சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள். எடிட் செய்வது யார்? எத்தனை பிரதி? அச்சானவை யார் வீட்டில் இருக்கும்? கடைகளுக்கு யார் அனுப்புவார்? நாவலை முழுவதும் படித்தீர்களா? கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலைக் கவனியுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிப் பணம் கட்டினார். புத்தகம் சொன்ன தேதிக்கு வந்தது, பெட்டிகளில் கட்டி வீட்டு வாசலில் இறக்கினார்கள். முதல் பக்கத்திலேயே நாயகியின் பெயர் இரண்டு விதமாக இருந்தது. யாரும் படித்திருக்கவில்லை. அவர் அதற்குப் பிறகு எழுதவே இல்லை. அந்த இழப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அனுப்பும் நாள் வரும்போது, அதாவது மூன்றாவது வரைவுக்குப் பிறகு, பட்டியலை நீங்களே தயாரியுங்கள். உங்கள் புத்தக அலமாரியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கதைக்கு உறவாகத் தோன்றும் நாவல்களை வெளியிட்டவர்கள் யார் என்று உரிமைப் பக்கத்தில் பாருங்கள். சமையல் புத்தகமும் சோதிடமும் மட்டும் போடுபவருக்கு நாவலை அனுப்பி மூன்று மாதம் காத்திருப்பதில் பயன் இல்லை. ஆங்கிலப் பதிப்புலகில் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் எழுத்தாளர் சார்பில் பேசும் இலக்கிய முகவர் மூலமாகவே வாங்குகின்றன. தமிழில் எழுதியவரே நேராக அனுப்புவதுதான் வழக்கம். ஒவ்வொரு பதிப்பகமும் எதைக் கேட்கிறதோ அதை மட்டும் அனுப்புங்கள். மூன்று அத்தியாயம் கேட்டால் மூன்றுதான். யூனிகோட் எழுத்துருவில், வரிகளுக்கு இடையே தாராளமாக இடம்விட்டு, பக்க எண்ணோடு, ஒரே ஃபைலாக. அலங்காரமோ, நீங்களே செய்த அட்டைப்படமோ வேண்டாம்.

கூடவே ஒரு பக்கக் கதைச் சுருக்கம் வேண்டும். முடிவையும் அதில் சொல்லிவிடவேண்டும், பலர் இங்கே தயங்குகிறார்கள். பதிப்பாசிரியருக்குக் கதை எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியவேண்டும், அவரிடம் ஒளித்துவைப்பதால் சுவை கூடாது. ‘உறவுகளின் ஆழத்தைப் பேசும் நாவல்’ என்று எழுதினால் எதுவும் சொன்னதாகாது. ‘தங்கை குடியிருக்கும் அப்பாவின் வீட்டை விற்கக் கையெழுத்து வாங்குவதற்காக, இருபது ஆண்டுகள் கழித்து அக்கா வருகிறாள்’ என்று தொடங்குங்கள். கடிதம் சின்னதாக இருக்கட்டும். நாவலின் பெயர், சொல் எண்ணிக்கை, இரண்டு வரியில் கதை, உங்களைப் பற்றி இரண்டு வரி. மூன்று வருஷம் இரவுப் பணிக்கு இடையில் எழுதியது என்று ஒரு முறை சொல்லலாம். உங்கள் திறமையைப் பற்றி நீங்களே சொல்ல வேண்டாம், பக்கங்கள் சொல்லும்.

78,000 சொற்கள் நீளம்தானா என்று யோசிப்பீர்கள். பக்கத்துக்கு 240 சொல் என்று வைத்தால் 325 பக்கம் வருகிறது. புத்தகத்தாள்கள் பெரும்பாலும் 16 பக்கங்கள் கொண்ட ஃபாரம்களாக அச்சாகின்றன, ஆக ஏறத்தாழ 20 ஃபாரம். முதல் நாவலுக்கு இது ஏற்கக்கூடிய அளவுதான். திருத்தும்போது பத்தாயிரம் சொல் குறைந்தால் சந்தோஷப்படுங்கள், குறைக்கவேண்டும் என்பதற்காகக் குறைக்காதீர்கள்.

பதில் வர மாதங்கள் ஆகும். மூன்று மாதம் கழித்து மரியாதையாக ஒரு நினைவூட்டல் அனுப்புவதில் தவறில்லை. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களுக்கு அனுப்பினால், அதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டால் மற்றவர்களுக்கு அன்றே எழுதிவிடுங்கள். வேண்டாம் என்று பதில் வந்தால், காரணம் சொல்லியிருந்தால் படியுங்கள், சொல்லாவிட்டால் அதிலிருந்து எதையும் ஊகிக்காதீர்கள். அந்த ஆண்டு அவர்கள் ஏற்கெனவே மூன்று குடும்ப நாவல்களை எடுத்திருக்கலாம்.

வேண்டும் என்று பதில் வந்தால், சந்தோஷத்தில் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள், இரண்டு நாள் வைத்துப் படியுங்கள். ‘அனைத்து உரிமைகளும்’ என்று ஒரு வரி இருந்தால் அங்கே நில்லுங்கள். பதிப்புரிமையையே எழுதிக்கொடுப்பது வேறு, குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட வடிவத்தில் வெளியிட அனுமதி கொடுப்பது வேறு. அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் தனித்தனி உரிமைகள். எத்தனை ஆண்டு, பதிப்பு தீர்ந்து மறுபடி அச்சிடாவிட்டால் உரிமை எப்போது உங்களிடம் திரும்பும், விற்பனையில் உங்களுக்கு வரும் பங்கான ராயல்டி அட்டையில் அச்சிட்ட விலையிலா, கடைகளுக்குத் தரும் கழிவு போக வரும் தொகையிலா, விற்பனைக் கணக்கு எப்போது வரும் என்பதெல்லாம் தாளில் இருக்கவேண்டும். இதைக் கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று கூச்சப்படாதீர்கள். ஒழுங்காகத் தொழில் செய்பவர் இந்தக் கேள்விகளை எதிர்பார்த்துத்தான் இருப்பார்.

இடையில் இன்னொரு கதை தொடங்கலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகத் தொடங்குங்கள். அந்த ஆறு வாரத்துக்கு அதைவிட நல்ல வேலை இல்லை. வேறு ஆட்கள், வேறு இடம், முடிந்தால் வேறு நீளம். அக்காவும் தங்கையும் ராத்திரி வந்து கூப்பிடுவார்கள், ஒரு வரி தோன்றும். அதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், ஃபைலைத் திறக்க வேண்டாம். ஆறு வாரம் கழித்துத் தாளில் படித்த பிறகு, அந்த 31 வரிகளை எனக்கு அனுப்புங்கள். தங்கை கதவைத் திறக்கும்போது கையில் என்ன வைத்திருந்தாள் என்று முதல் அத்தியாயத்தில் நீங்கள் எழுதவில்லை. அதுவும் எனக்குத் தெரியவேண்டும்.